வேலைக்குப் பிந்தி வருவோரும் மேற்பார்வையாளரின் அமானத்தும்

கடையானாலும் தொழிற்சாலையானாலும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே ஒருவர் நிற்கிறார். மேனேஜர், மேஸ்திரி, சூப்பர்வைசர் என்று இடத்துக்கு ஏற்றபடி அவரை அழைக்கிறோம். வேலைக்குப் பிந்தி வருபவரை விசாரிப்பது அவர் பொறுப்பு. அந்த விசாரணையில் மார்க்கம் அவருக்கு இட்டிருக்கும் எல்லையை இங்கே பார்ப்போம்.

ஃபிக்ஹு கிதாபுகளில் கூலியாள் இரு வகை. தையற்காரரைப் போலப் பலருக்கும் வேலை செய்து, முடித்த வேலைக்குக் கூலி பெறுபவர் ஒரு வகை. குறித்த நேரத்தை ஒருவருக்கென்றே ஒப்படைத்துச் சம்பளம் பெறுபவர் மறு வகை. இவரை 'அஜீர் காஸ்' என்பார்கள். இவர் விற்றிருப்பது நேரத்தையே. அளவையில் மோசம் செய்வோருக்குக் கேடு என்று 83ஆவது அத்தியாயத்தின் தொடக்கத்தில் அல்லாஹுத்தஆலா எச்சரிக்கிறான். வாங்கும்போது நிறைவாக வாங்கி, கொடுக்கும்போது குறைப்பவர்கள் அவர்கள். முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு நேரத்தைக் குறைப்பதும் இந்த எச்சரிக்கைக்குள் வரும் என்பதைத் தொழிலாளி உணர வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துக் காலணித் தொழிற்சாலைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒருவர் வெட்டிய தோல் அடுத்தவரின் தையலுக்குப் போக வேண்டும். வெட்டுபவர் இருபது நிமிடம் பிந்தினால் தைப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழி என்னவோ தைப்பவர் தலையில்தான் விழும்!

ஆகவே கேட்கத்தான் வேண்டும். ஆனால் எல்லார் முன்னிலையிலும் கூவிக் கேட்பது மானத்தைப் பறிப்பதாகும். தனியே அழைத்து, "பாய், இந்த வாரம் மூன்று நாள் பிந்திவிட்டீர்கள். வீட்டில் ஏதும் கஷ்டமா?" என்று கேட்டால் உண்மை வெளிவரும். தாயாருக்கு உடல்நலம் இல்லாமல் இருக்கலாம்; பஸ் நேரம் மாறியிருக்கலாம். வெறும் சோம்பலாகவும் இருக்கலாம். விசாரிக்குமுன் சோம்பல் என்று முடிவு கட்டுவது, திருமறை 49ஆவது அத்தியாயத்தில் தடுத்துள்ள தீய எண்ணத்தில் சேரும்.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறைகூடச் 'சீ' என்று சொன்னதில்லை. இந்த ஹதீஸைக் காட்டி, எதையும் கண்டுகொள்ளக் கூடாது என்று வாதிப்போர் உண்டு. அது சரியன்று. அங்கே நாயகம் (ஸல்) அவர்கள் விட்டுக்கொடுத்தது தம் சொந்த உரிமையை. மேற்பார்வையாளரின் கையில் இருப்பதோ முதலாளியின் உரிமை. வேண்டியவர் என்பதற்காக, பிந்தி வந்தவரை நேரத்துக்கு வந்ததாக எழுதினால் அது பெருந்தன்மை ஆகாது, அமானத் மோசடி. சலுகை காட்ட விரும்பினால் முதலாளியிடம் அனுமதி கேட்கட்டும்.

மறுபக்கத்து அநியாயம் இன்னும் பெரிது. நாள் கூலி 480 ரூபாய், வேலை நேரம் 8 மணி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணிக்கு 60 ரூபாய். இருபது நிமிடம் பிந்தியவரிடம் 20 ரூபாய் குறைக்கலாம். அரை நாள் கூலியாக 240 ரூபாயை வெட்டினால், மீதி 220 ரூபாய் எந்தக் கணக்கில் ஹலாலாகும்? பண அபராதத்தைப் பெரும்பாலான ஃபுகஹாக்கள் அனுமதிக்கவில்லை. கூலியாளிடம் முழு வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. மாலையில் மணியடித்த பின்பும் கால் மணி நேரம் நிறுத்தி வைத்து வேலை வாங்குவோரும் இதை எண்ணிப் பார்க்கட்டும். காலையில் கடிகாரம் பார்ப்பவர்கள் மாலையில் அதை மறந்துவிடுகிறார்கள்.

ஃபர்லான தொழுகைக்கும் அதற்குரிய ஒளுவுக்கும் ஆகும் நேரம் ஒப்பந்த நேரத்திலிருந்து விலக்குப் பெற்றது. அதற்காகக் கூலியைக் குறைக்க முடியாது என்பது ஷாஃபிஈ இமாம்களின் சட்டம். ஆனால் ளுஹர் தொழுகைக்குப் போய், பள்ளித் திண்ணையில் பேசிக்கொண்டிருந்த நேரம் இந்த விலக்கில் அடங்காது.

தனியே சொல்லியும், அவகாசம் கொடுத்தும், சாட்சி வைத்து எச்சரித்தும் திருந்தாதவரை, ஒப்பந்தத்துக்கும் நாட்டுச் சட்டத்துக்கும் உட்பட்டு வேலையிலிருந்து நிறுத்தலாம். அப்போதும் அதுவரை செய்த வேலைக்குரிய சம்பளத்தைப் 'பிறகு வந்து வாங்கிக்கொள்' என்று இழுத்தடிக்காமல், கணக்குப் பார்த்துக் கையில் கொடுத்தே அனுப்ப வேண்டும்.