பழைய டெக்கில் படம் பதிகிறது, ஒலி பதியவில்லையா?

பரண்மேல் கிடக்கும் வீடியோ கேசட்டுகளைச் சாதாரணமாக எண்ணிவிட வேண்டாம். 1980களிலும் 90களிலும் நடந்த நிக்காஹ், வெளிநாட்டிலிருந்து வந்த மகனை வரவேற்ற நாள், இன்று நம்மோடு இல்லாத வாப்பா, உம்மம்மா ஆகியோரின் பேச்சு எனப் பல வீடுகளில் இவை அந்த நாடாவில் மட்டுமே இருக்கின்றன. அவற்றைப் பிரதி எடுக்க முயலும்போதுதான், "படம் வருகிறது, சத்தம் வரவில்லை" என்ற பிரச்சினை எழுகிறது.

"ஹெட் போய்விட்டது, டெக்கைத் தூக்கிப் போடுங்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் வி.சி.ஆர். தயாரித்து வந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்னொரு டெக் கிடைப்பது கடினம், புதிய ஹெட் கிடைப்பது அதைவிடக் கடினம். எனவே எதையும் மாற்றுவதற்கு முன், குறை எங்கே இருக்கிறது என்று கண்டறியப் பழக வேண்டும். இந்தத் தொழிலைக் கற்கும் இளைஞர்களும், தங்கள் டெக்கைத் தாங்களே பார்க்க விரும்புவோரும் கீழ்க்காணும் பாடத்தை வரிசையாகப் படிக்கவும்.

ஒலி எங்கே பதிகிறது?

வி.எச்.எஸ். நாடாவின் அகலம் 12.7 மில்லிமீட்டர். படம், சுழலும் டிரம்மில் உள்ள ஹெட்டுகளால் நடுப்பகுதியில் சாய்வாகப் பதிகிறது. சாதாரண ஒலி அப்படிப் பதிவதில்லை. நாடாவின் மேல் ஓரத்தில் சுமார் 1 மில்லிமீட்டர் அகலமுள்ள நேர்கோட்டில், அசையாத ஒரு ஹெட்டால் பதிகிறது. அதே ஹெட்டின் கீழ்ப்பகுதி, நாடாவின் கீழ் ஓரத்தில் கண்ட்ரோல் சிக்னலைப் பதிக்கிறது. படம் நன்றாக இருந்தும் ஒலி மட்டும் கெட்டுப்போவதற்கு இந்தப் பிரிவே காரணம்.

நாடா டிரம்மை அடையும் முன் இரேஸ் ஹெட்டைக் கடக்கிறது. அது பழைய பதிவை அழிக்கிறது. அழிப்பதற்கு வேண்டிய உயர் அதிர்வெண் மின்னோட்டத்தைத் தருவது பயாஸ் ஆஸிலேட்டர். இதே மின்னோட்டம் ஒலி ஹெட்டுக்கும் செல்கிறது. காந்த நாடா மெல்லிய ஒலியைத் தானாகச் சீராக ஏற்காது. காதுக்குக் கேட்காத இந்த அதிர்வையும் சேர்த்துக் கொடுத்தால்தான் ஒலி தெளிவாகப் பதியும். ஒரே ஆஸிலேட்டர் அழிக்கும் வேலைக்கும் பதியும் வேலைக்கும் உதவுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பயன்படும்.

தொடங்கும் முன்

முதலாவது, குடும்பக் கேசட்டை ஒருபோதும் சோதனைக்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் முதுகுப் பக்க ஓரத்தில் உள்ள சிறு பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் டெக் அதில் பதிவு செய்யாது. தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் உள்ளிருப்பது தப்பும்.

இரண்டாவது, கேசட்டின் கண்ணாடி வழியே நாடாவைப் பாருங்கள். கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வெள்ளைப் பூஞ்சை படிவதுண்டு. அத்தகைய கேசட்டை டெக்கில் போட்டால் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி, அடுத்து போடும் கேசட்டுகளுக்கும் பரவும்.

மூன்றாவது, மூடியைத் திறக்கும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள். பவர் சப்ளையில் உள்ள பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் அந்தப் பகுதியைத் தொடவே கூடாது.

மூன்று சோதனைகள்

சோதனை ஒன்று: நல்ல நிலையில் உள்ள சினிமா கேசட் ஒன்றை ஓடவிடுங்கள். ஒலி தெளிவாகக் கேட்டால் ஹெட், பிளேபேக் பகுதி, டி.வி.க்குச் செல்லும் கம்பி ஆகியவை நலம். "ஹெட் போய்விட்டது" என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடும். ஹை-ஃபை டெக்காக இருந்தால் ஒரு கவனம் தேவை. அதில் டிரம்மில் உள்ள தனி ஹெட்டுகள் வழியாகவும் ஒலி வரும். ஆடியோ தேர்வை 'நார்மல்' என்று மாற்றிவைத்துக் கேட்டால்தான் நேர்கோட்டு ஒலியைச் சோதித்ததாகும்.

சோதனை இரண்டு: கேசட்டை நிறுத்திவிட்டு, பதிவு செய்ய வேண்டிய ஒலியை டெக்குக்குள் அனுப்பி, டெக் வழியாக டி.வி.யில் கேளுங்கள். கேட்கவில்லை என்றால் குறை நாடாவுக்கு வரும் முன்பே இருக்கிறது. இன்புட் தேர்வு டியூனரில் இருக்கிறதா, ஏவியில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு கம்பி போட்டுப் பாருங்கள். ஹாங்காங், இங்கிலாந்து ஆகிய இடங்களில் வாங்கிய டெக்குகளின் டியூனர் 6 மெகாஹெர்ட்ஸ் ஒலிக்காக அமைக்கப்பட்டது. நம் நாட்டு முறை 5.5 மெகாஹெர்ட்ஸ். அத்தகைய டெக்கில் டியூனர் வழியாகப் படம் வரும், ஒலி சரியாக வராது. ஏவி கம்பி வழியாகக் கொடுத்தால் இத்தடை இல்லை.

சோதனை மூன்று: தேவையற்ற, ஆனால் ஏற்கெனவே ஒலி உள்ள கேசட்டில் மூன்று நிமிடம் புதிதாகப் பதிவு செய்து, திருப்பி ஓட்டிக் கேளுங்கள். வெற்றுக் கேசட்டில் செய்தால் பாதி உண்மைதான் தெரியும்.

கேட்பதை வைத்துக் கண்டறிதல்

பழைய ஒலியும் இல்லை, புதிய ஒலியும் இல்லை: அழிக்கும் வேலை நடக்கிறது, எனவே ஆஸிலேட்டர் இயங்குகிறது. ஒலி சிக்னல்தான் ஹெட்டை அடையவில்லை. ரெக்கார்டு ஆம்ப்ளிஃபையரையும், பிளேபேக்கிலிருந்து ரெக்கார்டுக்கு மாற்றும் சுவிட்ச் பகுதியையும் பாருங்கள்.

பழைய ஒலி அழியவில்லை, புதிய ஒலி மெலிந்தும் கரகரத்தும் கேட்கிறது: அழிப்பதும் பதிவதும் ஒன்றாகக் கெட்டிருப்பதால் இரண்டுக்கும் பொதுவான பயாஸ் ஆஸிலேட்டரைச் சந்தேகியுங்கள். படத்தில் வானவில் போன்ற நிற அலைகளும் தெரிந்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகும். அதன் சப்ளை மின்னழுத்தம், டிரான்சிஸ்டர், சோல்டரிங் விட்டுப்போன கால்கள் ஆகியவற்றை முதலில் சோதியுங்கள்.

புதிய ஒலி தெளிவு, பழைய ஒலி பின்னணியில் மெல்லக் கேட்கிறது: பயாஸ் ஒலி ஹெட்டுக்கு வருகிறது. இரேஸ் ஹெட் அழுக்கடைந்திருக்கலாம், அல்லது அதற்குச் செல்லும் கம்பியோ கனெக்டரோ விட்டிருக்கலாம்.

ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது: ஒலி ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் சுழலும் டிரம்மைப் பஞ்சால் தொடாதீர்கள், அதன் நுண்ணிய ஹெட்டுகள் உடைந்துவிடும். பதிவின் வேகம் எல்.பி.யில் இருந்தால் எஸ்.பி.க்கு மாற்றுங்கள். எல்.பி.யில் நாடா பாதி வேகத்தில் ஓடுவதால் ஒலித் தரம் இயல்பாகவே குறையும்.

சொந்தப் பதிவு தெளிவு, சினிமா கேசட் மட்டும் மந்தம்: ஹெட்டின் சாய்வு மாறியிருக்கிறது. சாய்ந்த ஹெட்டில் பதிந்தது அதே ஹெட்டில் நன்றாகவே கேட்கும், வேறு டெக்கில் மந்தமாகும். அதன் ஸ்க்ரூவைத் திருப்பும் முன் பழைய நிலையைக் குறியிட்டுக்கொள்ளுங்கள். கண்ட்ரோல் ஹெட்டும் அதே கட்டையில் இருப்பதால், அதிகம் திருப்பினால் படமும் கெடும்.

ஒலி இழுத்து இழுத்து அலைகிறது: பின்ச் ரோலரின் ரப்பர் வழவழப்பாகி நாடா வழுக்குகிறது. துடைத்தும் சரியாகாவிட்டால் ரோலரை மாற்ற வேண்டும்.

ஒலி விட்டுவிட்டு வருகிறது: நாடாவின் மேல் ஓரம் மடங்கியிருக்கலாம். வேறு கேசட்டில் சரியாக இருந்தால் டெக்கில் குறையில்லை.

தொழில் செய்வோருக்கு

வரிசை எப்போதும் செலவற்றதிலிருந்து செலவுள்ளதை நோக்கியே செல்ல வேண்டும்: தேர்வு பட்டன், கம்பி, வேறு கேசட், துடைத்தல், சோல்டரிங், கடைசியாக உதிரிபாகம். கம்பி மாற்றிச் சரியான வேலைக்கு ஹெட் மாற்றியதாகக் கூலி வாங்குவது நாணயமான தொழில் ஆகாது. கண்டறிந்த குறையையும் செய்த வேலையையும் ஒரு சீட்டில் எழுதி டெக்கோடு கொடுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கும் அது வழிகாட்டும்.

டெக் சரியானதும் முதல் வேலையாக, பழைய குரல்கள் உள்ள கேசட்டுகளை ஏவி கம்பி வழியாகக் கணினியிலும் பதிந்து வையுங்கள். டெக்கைப் பழுது பார்த்துவிடலாம், அழிந்த குரலை மீட்க வழியில்லை.

பயிற்சி வினாக்கள்

1. சோதனை மூன்றுக்கு வெற்றுக் கேசட்டைவிட ஒலி உள்ள கேசட் ஏன் சிறந்தது?
2. பழைய ஒலி அழிந்து, புதிய ஒலி பதியாதபோது ஆஸிலேட்டரைச் சந்தேகிக்க வேண்டாம் என்பது ஏன்?
3. ஒரு டெக்கில் பதிந்த கேசட் அதே டெக்கில் தெளிவாகவும் பக்கத்து வீட்டு டெக்கில் மந்தமாகவும் கேட்கிறது. பக்கத்து வீட்டு டெக்கில் சினிமா கேசட்டுகள் நன்றாகக் கேட்கின்றன. குறை எந்த டெக்கில்?