விழித்திரை ஒட்டிய பின்

கண்ணின் உட்புறத்தே ஒளியை உணர்வாக மாற்றும் மென்படலம் விழித்திரை எனப்படும். பெரும்பாலும் அது கிழிந்து, கிழிவின் வழியே நீர் புகுந்து, தன்னிடத்தை விட்டுப் பிரிதலையே விழித்திரை கழலல் என்பர். கிழிவை அடைத்தாலன்றித் திரை ஒட்டாது என்பதை, சுவிற்சர்லாந்தின் லோசான் நகர வைத்தியர் ஜூல் கோனின் 1920களில் நிலைநாட்டினார். அதற்கு முன்னர் இந்நோயுற்ற கண் பெரும்பாலும் ஒளியிழந்தே போயிற்று.

சத்திரசிகிச்சை முடிந்ததும் நோயாளர் கேட்பது ஒரே வினா: "ஒட்டிவிட்டதா?" 1851இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் வெளிப்படுத்திய கண்ணகநோக்கியின் வழிவந்த கருவியால் நோக்கி, "ஒட்டிவிட்டது" என்பார் வைத்தியர். விடை மெய்யே. வைத்தியம் எமக்குரிய துறையன்று, சொல் எமக்குரியது. அச்சொல்லின்மேல் அது தாங்காத பொருளை நாம் ஏற்றிவிடுகின்றோம். ஒட்டுதல் வேறு, காண்டல் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்வோர், தமக்குற்ற குறையைச் சொல்லாதே இருந்துவிடுதல் கூடும்.

குறையாவது யாது? கதவுநிலை வளைந்து தெரியும். ஏட்டின் வரி நெளியும். ஒரு கண்ணுக்குப் பொருள் சிறுத்துக் காணும். இதனை அறிய எளிய வழி வகுத்தவர், கோனினுடைய மாணாக்கர் மார்க் அம்ஸ்லர். கணக்குக் கொப்பியின் சதுரக்கோட்டுத் தாளை ஒத்த கட்டம், நடுவே ஒரு புள்ளி, அவ்வளவே. வாசிப்புக் கண்ணாடி அணிவோர் அதனை அணிந்து, ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தொலைவிற் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மறுகண்ணாற் புள்ளியையே நோக்குதல் வேண்டும். இரு கண்ணாலும் ஒருங்கே நோக்கின், நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும். கோடு வளைந்த இடத்தையும் மறைந்த இடத்தையும் குறித்து வைத்தியரிடம் காட்டுக.

வளைவின் காரணத்தைத் தெளிவுறக் காட்டியது, 1991இல் டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் புஜிமோட்டோ முதலியோர் வெளியிட்ட ஓ.சி.ரி. எனும் படமுறையாகும். ஒளியைச் செலுத்தி, அது மீளும் வகையைக் கொண்டு, திரையின் அடுக்குகளைக் குறுக்கே வெட்டினாற்போல் அது காட்டும். நோக்கியிற் செவ்வனே ஒட்டியதாய்த் தோன்றும் திரையிலும், கூரிய பார்வைக்குரிய மஞ்சட்பொட்டின் அடியிற் சிறிது நீர் தங்கியிருக்கலாம். மேலே மெல்லிய சவ்வு படர்ந்து திரையைச் சுருக்கலாம். ஒளியுணர் கலங்களின் வரிசை இடையிடையே அறுந்திருக்கலாம். நீர் பல மாதங்களிற் தானே வற்றுவதுண்டு. சவ்வை, வேண்டின், உரித்தெடுப்பர். கலவரிசையோ சிலரிடம் மெல்லச் சீர்பெறும், சிலரிடம் பெறாது. மஞ்சட்பொட்டுக் கழலுமுன் சிகிச்சை பெற்றோர்க்குப் பார்வை நன்கு நிலைப்பது, அக்கலங்கள் பிரியாதிருந்தமையாலேயே.

ஒட்டிய திரை மீண்டும் கழலுதலும் உண்டு. புதிதாய் மின்னல் போன்ற ஒளியோ, கரும்புள்ளிக் கூட்டமோ, ஓரத்தில் நிழலோ தோன்றின், கட்டத்தாளை எடுத்துக் காலங்கழித்தல் தகாது. ஓரத்துக் கிழிவை அது காட்டமாட்டாது. அன்றே கண்வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும்.