திமிசு போடத் தெரிந்த சூப்பர்வைசர்

கம்பி கட்டும்போது எல்லா சூப்பர்வைசரும் பக்கத்தில் நிற்பார்கள். பேஸ்மெண்ட்டில் மண் நிரப்பும்போது பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அங்கே போய் நில்லுங்கள். நான் சேர்ந்த வருடம் ஒரு வீட்டில் இரண்டடி மண்ணை மொத்தமாகக் கொட்டி, மேலே மட்டும் திமிசு போட்டோம். ஒரு மழைக்காலம் போனதும் ஹால் மூலையில் டைல்ஸ் உள்வாங்கிவிட்டது. கையால் போடும் அடி அரையடி ஆழத்துக்குக் கீழே போகாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. அதனால் ஆறு அங்குலம் கொட்டுங்கள், அடியுங்கள், பிறகு அடுத்த ஆறு அங்குலம்.

திமிசுக்கட்டையை நீங்களே செய்துகொள்ளலாம். ஆறு அங்குலச் சதுரம், ஐந்து அங்குல உயரத்தில் ஒரு பலகைப் பெட்டி போதும். நெஞ்சு உயர முக்கால் இஞ்ச் ஜிஐ பைப்பின் அடியில் துளை போட்டு, இரண்டு கம்பித் துண்டுகளைக் குறுக்கே செருகுங்கள். இல்லாவிட்டால் நாலே நாளில் பைப் கழன்றுவிடும். பெட்டி நடுவில் பைப்பை நிறுத்தி, ஒன்றுக்கு ஒன்றரை, மூன்று என்ற கலவையில் கான்கிரீட் போட்டு, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றுங்கள். மொத்தம் ஒன்பது கிலோ வரும். இதைவிடக் கனமாகச் செய்தால் மதியத்துக்குள் ஆள் ஓய்ந்துவிடுவார், அடியும் தளர்ந்துவிடும். சுவரோரத்துக்கு நாலு அங்குல முகத்தில் இன்னொன்று வேண்டும். முகம் சிறுத்தால் அடி ஆழமாக இறங்கும்.

ஈரம்தான் பாதி வேலை. லாஸ் ஏஞ்சலீஸில் அணை வேலை பார்த்த ரால்ஃப் பிராக்டர் 1933-இல் இதைத்தான் அளந்து எழுதினார்: ஒரே அடிக்கு, குறிப்பிட்ட ஓர் ஈரத்தில்தான் மண் அதிகமாக இறுகும். லேபில் செய்யும் பிராக்டர் டெஸ்ட் அவர் பெயரில் வந்தது. சைட்டில் உள்ளங்கையே போதும். நிரப்பும் கிராவல் மண்ணை ஒரு பிடி இறுக்கி, இடுப்பு உயரத்திலிருந்து போடுங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் சரி. பொடியானால் தண்ணீர் தெளியுங்கள். அப்பம்போல் அமுங்கினால் காயவிடுங்கள். வெறும் மணலுக்குத் திமிசு பயன்படாது, தண்ணீர் தேக்கி இறக்க வேண்டும். கரிசலை நிரப்பவே விடாதீர்கள், ஈரத்தில் உப்பும்.

அடிக்கிறவர் கட்டையை முழங்கால் உயரம் தூக்கி, தானாக விழவிட வேண்டும். அமுக்கினால் தோள்தான் வலிக்கும். முந்தைய அடியில் பாதியை அடுத்த அடி மூட வேண்டும். முதலில் சத்தம் ‘சொத்’தென்று இருக்கும். அது கணீரென்று மாறி, கட்டை லேசாக எகிறும்போது அடுத்த சட்டி மண்ணுக்குச் சொல்லுங்கள்.