மருந்து மூளையில் எவ்வளவு இடத்தை நிரப்புகிறது?

மனச்சிதைவு நோய்க்கு மருந்துண்போர் சிலருக்குக் கை நடுங்குகிறது, உடல் விறைக்கிறது, ஓரிடத்தில் அமர இயலாத தவிப்பு உண்டாகிறது. நோய் முற்றிவிட்டதெனக் கருதி மருந்தைக் கூட்டும்படி கேட்கும் உறவினர் உண்டு. மருந்தே நஞ்சென்று அதனை அறவே நிறுத்திவிடுவோரும் உண்டு. மூளையைப் படம் பிடிக்கும் ஆராய்ச்சி இவ்விரு தரப்பாருக்கும் விடை கூறுகிறது.

நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் இரசாயனப் பொருள்களுள் டோப்பமீன் ஒன்றாகும். அதனைப் பெற்றுக்கொள்ளும் புரதங்களுக்கு ஏற்பிகள் என்று பெயர். 1952-இல் பாரிஸ் நகரில் குளோர்புரோமசீன் மனநோயாளருக்கு அளிக்கப்பட்டபோது, அது வேலை செய்யும் விதம் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. டி2 என்னும் வகை ஏற்பிகளில் டோப்பமீன் சேரவொட்டாமல் இம்மருந்துகள் அமர்ந்துகொள்கின்றன என்பது, 1970-களில் சோதனைக்குழாய் ஆய்வுகளால் தெளிவாயிற்று.

உயிருள்ள மனிதனின் மூளையில் இதனை அளப்பது எங்ஙனம்? ராக்ளோபிரைடு என்னும் பொருளில் கதிரியக்கக் கார்பன்-11 அணுவைப் பிணைத்து, மிகச் சிறிதளவு இரத்தத்தில் செலுத்துவர். இக்கார்பன் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடுமாதலால், அதனை ஆக்கும் சைக்ளோட்ரான் அருகிலேயே இருத்தல் வேண்டும். ராக்ளோபிரைடு காலியாயுள்ள ஏற்பிகளை நாடிச் சேரும். அங்கிருந்து வெளிப்படும் பாசிட்ரான்கள் எலெக்ட்ரான்களோடு மோதி மறைய, எதிரெதிர்த் திசைகளில் இரு காமாக் கதிர்கள் பாயும். தலையைச் சூழ்ந்த கருவி இவற்றைப் பதிவு செய்கிறது. மருந்துண்ணாதவரின் படத்தில் ஸ்ட்ரையேட்டம் என்னும் ஆழ்பகுதி ஒளிர்ந்து தோன்றும், மருந்துண்பவரிடம் மங்கும். மங்கிய அளவே மருந்து நிரப்பிய அளவு. (இதனை ‘ஆக்கிரமிப்பு’ என மொழிபெயர்ப்பாரும் உளர், அச்சொல் புறம்போக்கு நிலத்தையே நினைவூட்டுவதால், இங்கு ‘நிரம்பளவு’ என்கிறோம்.)

வழக்கமான மருந்தளவில் நிரம்பளவு 65 முதல் 85 சதவீதம் வரை உள்ளதென 1988-இல் ஸ்டாக்ஹோம் நகரில் லார்ஸ் ஃபார்டே குழுவினர் கண்டனர். 2000-இல் டொரான்டோவில் ஷித்திஜ் கபூர் குழுவினர், முதன்முறை நோயுற்ற 22 பேருக்கு ஹாலோபெரிடால் அளித்து அளந்தனர். 65 சதவீதத்தைத் தாண்டியபோது குணம் தெரியும் வாய்ப்பு மிகுந்தது. 78-ஐத் தாண்டியபோது விறைப்பு முதலிய தொல்லைகளின் வாய்ப்பு மிகுந்தது. இடைவெளி 13 மட்டுமே!

மேலும், மருந்து இரட்டித்தால் நிரம்பளவு இரட்டிப்பதில்லை. ஓரளவு மருந்து பாதி ஏற்பிகளை நிரப்புமாயின், இரு மடங்கு மூன்றில் இரு பங்கையும், நான்கு மடங்கு ஐந்தில் நான்கு பங்கையுமே நிரப்பும். ஆகவே, உச்சத்தை நெருங்கியபின் கூட்டும் மருந்து, குணத்தைவிடத் தொல்லையையே பெரிதும் வளர்க்கிறது.

எல்லா மருந்துகளும் இவ்வரம்புக்கு உட்பட்டவை அல்ல. குளோசபீன் 65-க்குக் குறைந்த நிரம்பளவிலும் குணமளிக்கிறது. அரிபிப்ரசோல் 80-ஐத் தாண்டியும் விறைப்பை அரிதாகவே உண்டாக்குகிறது. ஏற்பியை அடைத்துக்கொண்டே அதனைச் சிறிது தூண்டவும் செய்வதே காரணம்.

இப்படமுறை ஆராய்ச்சிக்கு உரியது. ஒவ்வொரு நோயாளிக்கும் எடுக்கப்படுவதன்று. மருத்துவர் நோயாளியின் நிலையைக் கண்டும் கேட்டுமே அளவை முடிவு செய்கிறார். எனவே நடுக்கமோ தவிப்போ தொடங்கிய நாள், அதற்குமுன் மருந்தளவு மாறிய நாள் ஆகிய இரண்டையும் களப்பணியாளர் குறித்து அவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். அவரைக் கேளாமல் மருந்தை நிறுத்தினால் ஏற்பிகள் மீண்டும் காலியாகும். நோய் திரும்புதல் பெரும்பாலும் உடனே தெரியாது, வாரங்களோ மாதங்களோ கழித்தே தெரியவரும்.