சீனன்குடாவில் உங்கள் பாணியில் ஒரு கலியாணம்

வாடகை மணவறை, தங்க நிறச் சோடிக் கதிரை, எல்லா அல்பத்திலும் வரும் அதே படங்கள். இவற்றை விட்டுவிட்டுத் தங்கள் ரசனை தெரியும்படி கலியாணம் செய்ய விரும்பும் பிள்ளைகள் திருகோணமலைப் பக்கத்திலும் இருக்கிறார்கள். அது நல்ல ஆசை, பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் நடந்ததையோ சினிமாவில் பார்த்ததையோ அப்படியே சீனன்குடாவில் இறக்கினால், அதுவும் வேறு யாரோ ஒருவருடைய கலியாணம்தான். இந்த ஊருக்கென்று காற்று, உப்பு, வெயில் இருக்கின்றன. விமானப்படைத் தளமும் எண்ணெய்க் குதங்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. இவற்றை மனதில் வைத்துத் திட்டமிட்டால் செலவும் குறையும், உடுப்பும் எடுபடும்.

1. உடுப்புக்கு அலைவதற்கு முன் இரண்டு வீட்டாரும் ஒருநாள் ஒன்றாக இருந்து பேசுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும், "உங்களுக்கு எது இல்லாவிட்டால் மனம் நோகும்?" என்று கேளுங்கள். ஒருவர் பொன்னுருக்கைச் சொல்வார், இன்னொருவர் கன்னிக்கால், வேறொருவர் கூறை. பெரும்பாலும் மூன்று நான்கு விஷயங்களுக்கு மேல் வராது. அவற்றை ஒன்றும் குறைக்காமல் முழுமையாகச் செய்யுங்கள். மற்றதெல்லாம் உங்கள் கையில் வரும். சடங்கைக் குறைத்துக் கலியாணம் செய்வது தமிழருக்குப் புதிதும் அல்ல. பெரியார் 1928இலேயே அருப்புக்கோட்டைக்கு அருகில் சுக்கிலநத்தத்தில் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்தார். 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தமிழ்நாட்டில் அந்த முறைக்குச் சட்ட ஏற்பைக் கொடுத்தது.

2. வெளியிடத்தில் கலியாணம் என்றால் வைகாசியும் ஆவணியும் நல்ல மாதங்கள். ஒக்டோபர் கடைசியில் வாடைக்கால மழை தொடங்கும். நவம்பர், டிசெம்பரில் கொட்டும். தை பிறந்ததும் முகூர்த்தம் நிறைய வரும், ஆனால் மழை முற்றாக விட்டுவிட்டது என்று நம்பக்கூடாது. தையில் வைப்பவர்கள் கூரையுள்ள ஓர் இடத்தையும் கட்டாயம் கையில் வைத்திருங்கள்.

3. ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று பகலில் சூடாக அடிக்கும். வெயில் ஏற ஏறப் பந்தல் துணி படபடக்கும், ஒலிவாங்கியில் காற்றின் இரைச்சல் மட்டும் கேட்கும். ஆகவே திறந்தவெளிச் சடங்கைக் காலை 9 மணிக்குள் முடிக்கும்படி முகூர்த்தம் கேளுங்கள். இது கிழக்குக் கரை என்பதால் கடலின் மேல் நல்ல வெளிச்சமும் காலையில்தான் விழும். சூரியன் கடலில் இறங்கும் படம் வேண்டும் என்று படம் பிடிப்பவரிடம் கேட்காதீர்கள், இங்கே அது கரைக்குப் பின்னால்தான் இறங்கும். விடியற்காலைப் படத்துக்கு மேக்கப்காரரை முதல்நாள் இரவே வரவழைக்க வேண்டியிருக்கும்.

4. மாபிள் பீச் விமானப்படையின் பராமரிப்பில் உள்ளது. அங்கே படம் எடுக்கவோ சிறு விழா வைக்கவோ விரும்பினால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். பிரெட்ரிக் கோட்டையும் இராணுவ முகாம் உள்ள இடம். அங்கே புள்ளிமான்கள் கூட்டமாகத் திரியும். மாலை சுற்றிய பொலித்தீன், றிபன் எதையும் கீழே விடாதீர்கள், மான் தின்றுவிடும். கோணேசர் கோயிலுக்கும் போவதாக இருந்தால் தோளை மூடும் சால்வை ஒன்றைக் காரில் வைத்திருங்கள்.

5. ட்ரோன், பறக்கும் விளக்கு, ஹீலியம் பலூன் மூன்றையும் சீனன்குடாவில் மறந்துவிடுங்கள். விமான ஓடுபாதைக்குப் பக்கத்தில் வானத்தில் எதையும் விடக்கூடாது. ட்ரோனுக்கு சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளும் உள்ளன. வாண வேடிக்கையும் வேண்டாம். பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் பரந்து கிடக்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானம் ஒன்று மோதி அவற்றில் ஒன்று எரிந்தே போனது. வெளிச்சம்தான் வேண்டுமென்றால் மாலை வரவேற்புக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் எண்ணெய் விளக்குகளை வரிசையாக வையுங்கள். படத்துக்கும் அதுவே அழகு.

6. எழுத்தைக் கலியாண நாளுக்கு முன்பே வைத்துவிடுவது நல்லது. இருவருக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்தபின் காத்திருக்கும் நாட்கள் இருக்கின்றன. பதிவாளர் கந்தோருக்கு வெளியே, கடற்கரையிலோ வீட்டிலோ எழுத வேண்டுமென்றால் விசேட அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மாப்பிள்ளை அல்லது பெண் என்றால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பத்திரங்களைப் பற்றி விசாரியுங்கள்.

7. இனி உடுப்பு. புதுப்பாணி வேண்டுமென்று தேடுகிறவர்கள் கவனிக்காத ஒரு வசதி எங்கள் சடங்கிலேயே இருக்கிறது. பெண் முதலில் ஒரு சேலையோடு மணவறைக்கு வருவாள். மாப்பிள்ளை கூறை கொடுத்தபின் உள்ளே போய் அதை உடுத்துக்கொண்டு வந்த பிறகுதான் தாலி ஏறும். அதாவது இரண்டு தோற்றம் ஏற்கெனவே சடங்கில் உண்டு. முதல் வரவுக்கு நீங்கள் விரும்பிய புதுமையை உடுங்கள்: பாவாடை மாதிரித் தைத்து மேலே சால்வை போட்ட கைத்தறி, மேலங்கி வைத்த சேலை, வெளிர் நீலம், சாம்பல், எதுவானாலும் சரி. தாலிக்குக் கூறை வந்துவிடும், அம்மம்மாவுக்கும் குறை இராது. உடை மாற்ற அரைமணி நேரம் ஒதுக்கி ஐயரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். இரண்டு உடைக்கும் பொருந்தும் ஒரே சட்டையைத் தைத்தால் பாதி நேரம் மிச்சம். சட்டையின் உள்தையலில் ஓர் அங்குலத் துணி விடச் சொல்லுங்கள், கலியாணத்துக்கு முன் உடம்பு இளைப்பதும் ஊதுவதும் நடக்கும்.

8. அம்மாவின் கூறையை வெட்டிப் புது உடுப்புத் தைக்கும் யோசனை இருந்தால், முதலில் அம்மாவிடம் மனம் விட்டுக் கேளுங்கள். சம்மதம் கிடைத்தாலும் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பழைய பட்டு மடிப்பு விழுந்த இடங்களில்தான் இற்றுப்போகும். அங்கே தையல் விழுந்தால் கிழியும். நல்ல பகுதிகளை மட்டும் எடுத்து, உள்ளே மெல்லிய பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். வெட்ட மனம் வராவிட்டால் அதையே முதல் வரவுக்கு முழுதாக உடுத்து, சட்டையை மட்டும் புதுப் பாணியில் தையுங்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

9. கிழக்கிலேயே நல்ல தறி இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சேலைகளும் சாரங்களும் பெயர்பெற்றவை. நிறத்தையும் கரையையும் நீங்களே சொல்லி நெய்விக்க முயலுங்கள், சில மாதங்களுக்கு முன்பே சொல்ல வேண்டும். பெண்ணின் சேலைக்கும் மாப்பிள்ளையின் சால்வைக்கும் தோழன் தோழியின் உடுப்புக்கும் ஒரே நூல் நிறம் ஓடினால் எந்த டிசைனர் உடுப்புக்கும் குறையாது. 1840இல் விக்டோரியா மகாராணி வெள்ளை உடுப்பில் கலியாணம் செய்தபோது தன் நாட்டு லேஸ் தொழிலாளருக்கு வேலை கிடைக்கவேண்டுமென்று ஹோனிற்றன் லேஸைத்தான் தேர்ந்தெடுத்தார். உலகம் முழுக்க வெள்ளைக் கவுண் பரவ அந்தக் கலியாணம் பெரிய காரணம். உள்ளூர் நெசவாளியின் துணி பின்தங்கிய துணி என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

10. புதுத் துணியின் சாயம் போகுமா என்று பார்க்க, ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தை அழுத்தித் தேயுங்கள். வியர்வையில் நிறம் ஊறி உள்ளாடை கெட்டபின் கவலைப்பட்டுப் பயனில்லை.

11. ஓமத்தின் முன் இருக்கும்போது நைலோன் வலை, பொலியெஸ்டர், தொங்கும் நீளக் கை ஆகியவை கூடாது. செயற்கை இழை தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். பட்டும் பருத்தியும் அப்படி உருகாது. வலை வைத்த மேலங்கி வேண்டுமென்றால் ஓமம் முடிந்தபின் போடுங்கள். உடுப்புத் தைத்து வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு சப்பாணி கட்டி இருந்து, குனிந்து, மாலை போடுவதுபோல் இரு கையையும் தூக்கிப் பாருங்கள். இந்த மூன்றும் முடியாத உடுப்பைத் திருத்தக் கொடுங்கள்.

12. கடற்கரையில் பாவாடை ஓரம் நிலத்துக்கு ஓர் அங்குலம் மேலே நிற்கட்டும். காற்றுக்குத் தூக்காமல் இருக்க ஓரத்தின் உள்மடிப்பில் இடைக்கிடை சில்லறைக் காசுகளை வைத்துத் தையுங்கள். குதி உயர்ந்த செருப்பு மணலில் புதையும். தட்டைச் செருப்போ வெள்ளைச் சப்பாத்தோ போட்டால் நடையும் அழகாக இருக்கும்.

13. மாப்பிள்ளையைக் கோட்டுக்குள் அடைத்து வைக்காதீர்கள். கச்சான் வெயிலில் அரைமணி நேரத்தில் சட்டை நனைந்துவிடும். கைத்தறி வேட்டி, நல்ல அளவில் தைத்த லினன் சட்டை, பெண்ணின் சேலைக் கரையில் தைத்த தலைப்பா போதும். வேட்டிக்கு உள்ளே பை வைத்த அரைக்காற்சட்டை தைத்துக் கொடுங்கள், மோதிரமும் கைபேசியும் வைக்க இடம் வேண்டும்.

14. தாலியைப் புதுவடிவில் செய்ய விரும்பினால் பொன்னுருக்குக்கு முன்பே பத்தரிடம் படம் வரைந்து காட்டி முடிவெடுங்கள். பொன் உருக்கியபின் பேரம் பேச நேரமிராது. கொடியைப் பவுன் கணக்கில் கூட்டுவதை விட, தினமும் போடக்கூடிய பாரத்தில் செய்யுங்கள். வெள்ளி நகை போடுபவர்கள் கலியாண நாள் காலை வரை அதைக் காற்றுப் புகாத பையில் வையுங்கள், கடற்கரை ஊரில் வெள்ளி சீக்கிரம் கறுக்கும். வாசனைத் திரவியத்தை நகைக்கும் பட்டுக்கும் மேல் அடிக்காதீர்கள்.

15. மருதாணி ஒன்றிரண்டு நாளுக்கு முன் வைத்தால் அன்று நிறம் பிடித்திருக்கும். உடனே கறுப்பாக வரும் "கறுப்பு மெஹெந்தி" வேண்டாம். தலைச்சாய மருந்து கலந்த அது சிலருக்குக் கொப்புளம் போடும்.

16. சோடனைக்கு நுவரெலியாப் பூ லொறியில் வரவேண்டியதில்லை. தென்னங்குருத்துத் தோரணம், பனையோலை, தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்துக் குளத்துத் தாமரை இருக்கின்றன. தாமரையை மொட்டாக வாங்கி, சடங்குக்குச் சற்று முன் இதழ்களைக் கையால் மடித்து விரியுங்கள், தானாக விரிவது வெட்டிய மொட்டில் அரிது. விருந்தினருக்குப் பன்பாய் விரித்து இருத்தினால் மணவறை எல்லோருக்கும் தெரியும், வயதானவர்களுக்கு மட்டும் பின்னால் கதிரை. மேசை அலங்காரத்துக்குப் பவளப்பாறையோ சிப்பியோ கடலிலிருந்து எடுக்காதீர்கள். புறாத்தீவு 2003இல் தேசியப் பூங்காவானதே அங்குள்ள பவளத்தைக் காக்கத்தான்.

17. கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இரவுத் தபால் ரயிலைச் சொல்லுங்கள், சீனன்குடா நிலையத்திலேயே இறங்கலாம். பகற்சாப்பாடு வாழையிலையில் மரக்கறியாக இருந்தால் கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் நண்பர்களும் தயக்கமில்லாமல் பந்தியில் இருப்பார்கள். எருமைத் தயிரும் பாணியும் வைத்தால் கேக் இல்லாத குறையே தெரியாது.

18. மறுநாள் உடுப்பைப் பையில் கட்டி மூலையில் போடாதீர்கள். மஞ்சள் கறையில் சவர்க்காரம் போட்டால் சிவக்கும். முதலில் குளிர்ந்த தண்ணீரில் அலசி, பருத்தியாக இருந்தால் வெயிலில் காயவிடுங்கள், மஞ்சள் வெளுக்கும். பட்டில் நெய் பட்டால் முகப்பவுடரைத் தூவி இரவு முழுக்க விட்டுத் தட்டுங்கள். கடற்கரைக்குப் போன பட்டை நிழலில் காற்றாட விட்டு, நல்ல உலர்சலவைக்காரரிடம் கொடுத்து எடுத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சரிகையோடு பூச்சி உருண்டை படக்கூடாது. சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பை மாற்றி மடியுங்கள்.