அறியாமல் நேரும் பட்சபாதம்: ஆசிரியர் தம்மைச் சோதித்துக்கொள்ளும் முறை

பிள்ளைகளைச் சாதி பார்த்தும் பணம் பார்த்தும் வெளிப்படையாகவே வேறுபடுத்தி நடத்துகிற ஆசிரியரைத் திருத்துவதற்குச் சட்டம் இருக்கிறது, தலைமையாசிரியர் இருக்கிறார், வாசலில் வந்து நின்று கேள்வி கேட்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். ஆதலால் அவரைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. வகுப்பிலுள்ள குழந்தைகள் எல்லோரும் தமக்கு ஒன்றே என்று மனமார நம்புகிறவரும், அவ்வாறு நம்புவதற்கு வேண்டிய நல்ல சுபாவம் வாய்ந்தவருமான ஆசிரியரிடத்திலேயே, அவர் அறியாமல், சில குழந்தைகளின்மேல் பார்வை அடிக்கடி விழுவதும் வேறு சில குழந்தைகளின்மேல் அது விழாமலே ஓராண்டு கழிந்துபோவதும் நிகழ்கின்றன என்பதே நாம் எடுத்துக்கொண்ட விஷயம். இதைத் தனியே உட்கார்ந்து செய்யும் ஆத்ம பரிசோதனையால் கண்டுபிடித்துவிடலாம் என்று எண்ணுவது வீண். அந்த விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவரும் நீதிபதியும் ஒருவரே ஆகையால், தீர்ப்பு பெரும்பாலும் விடுதலையாகவே முடிகிறது. மனச்சார்பை அளந்து காட்டுவதாகச் சொல்லும் கணினிச் சோதனைகள் 1998-ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கின்றனவென்றாலும், ஒரே மனிதருக்கு இன்று ஒரு விடையும் மறுவாரம் வேறொரு விடையும் தருவது அவற்றுக்குச் சகஜமாதலால், அவற்றை நம்பிக் கலங்கவும் வேண்டாம், களிக்கவும் வேண்டாம். கேட்ட கேள்வி, இட்ட மதிப்பெண், ஒப்படைத்த வேலை, எழுதிய குறிப்பு ஆகிய இவை கண்ணுக்குத் தெரிபவை. எண்ணிப் பார்க்கக் கூடியவை. அவற்றைக் கணக்கெடுப்பதே நான் சிபாரிசு செய்யும் வழி.

முதற் காரியம் ஜூன் மாதத்தில், பள்ளி திறந்த அன்றே, ஆசிரியர் ஓய்வறையில் தொடங்குகிறது. புதிய வகுப்பின் பெயர்ப் பட்டியலை மேசைமேல் வைத்த மாத்திரத்தில், சென்ற ஆண்டு அந்த வகுப்பை நடத்தியவர் எட்டிப் பார்த்து, "அவனா சார்? அவங்க அண்ணனுக்கே நான்தான் பாடம் எடுத்தேன்; அந்தத் தெருவே அப்படித்தான்" என்று நல்லெண்ணத்துடனேயே சொல்லிவிட்டுப் போகிறார். இந்த ஒரு வாக்கியம் செய்யக்கூடிய காரியத்தை ராபர்ட் ரோசென்தால், லெனோர் ஜேக்கப்சன் என்ற இருவர் கலிபோர்னியாவிலுள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில் சோதித்து 1968-இல் நூலாக வெளியிட்டார்கள். ஐந்தில் ஒரு பங்கு குழந்தைகளை எவ்வித ஆதாரமுமின்றிச் சீட்டுக் குலுக்கியதுபோல் பொறுக்கி எடுத்து, 'இவர்கள் இந்த ஆண்டு அறிவில் மளமளவென்று வளரப் போகிறவர்கள் என்று பரீட்சையில் தெரிந்தது' என்று ஆசிரியர்களிடம் கூறிவைத்தார்கள். ஆண்டு முடிவில், கீழ்வகுப்புகளிலாவது, அக்குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். அந்த ஆராய்ச்சியின் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் பலவாறு ஆட்சேபித்ததும், விளைவு அவ்வளவு பெரிதன்று என்று காட்டியதும் உண்மையே. ஆயினும் ஆசிரியரின் எதிர்பார்ப்பு குழந்தையை ஓரளவேனும் தொடுகிறது என்பதை அவர்களில் பெரும்பாலோர் மறுக்கவில்லை.

ஆகையால், முன்னைய ஆசிரியரிடம் முதல் மாதத்தில் கேட்க வேண்டியவை உடம்பைப் பற்றியவை மட்டுமே: எந்தக் குழந்தைக்குக் கண் மங்கல், எதற்குக் காது மந்தம், யாருக்கு வலிப்பு வரும், யார் காலையில் பட்டினியாக வருகிறார்கள் என்பவை. 'படிப்பு வருமா' என்ற கேள்வியைக் காலாண்டுத் தேர்வு வரையில் ஒத்திவைக்கலாம். அதற்குள் ஆசிரியருக்கே ஓர் அபிப்பிராயம் உண்டாகத்தான் செய்யும். அதைத் தடுக்க முயல்வதைக் காட்டிலும் எழுதிவைப்பது மேல். இரண்டாவது வாரக் கடைசியில் வருகைப் பதிவேட்டைப் பாராமல், நினைவிலிருந்து, ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் அக்குழந்தையைப் பற்றி ஒரே ஒரு வரியையும் ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிடுங்கள். காலாண்டு முடிவில் திறந்து பார்க்கும்போது, தவறிப்போன ஊகங்கள் எந்தப் பக்கம் சாய்ந்து தவறியிருக்கின்றன என்பது தெரியவரும். அதைவிட முக்கியமானது, எழுதும்போதே நினைவுக்கு வராத பெயர்கள். பட்சபாதம் என்றவுடன் நாம் வெறுப்பையே நினைக்கிறோம். பள்ளிக்கூடத்தில் அது பெரும்பாலும் வெறுப்பாக வருவதில்லை, மறதியாகவே வருகிறது.

அடுத்தது கேள்விக் கணக்கு. வகுப்பறையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை ஒரு தாளில் கட்டம் கட்டமாக வரைந்து, இணக்கமான சக ஆசிரியர் ஒருவரைப் பின்பெஞ்சில் அமர்த்தி, யாரிடம் கேள்வி கேட்கப்பட்டது என்பதற்கு மட்டும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பாடம் நடத்திக்கொண்டே தாமே கோடு போடுவது இயலாத காரியம். மறுநாள் கேள்வியின் தரத்தைக் குறிக்கட்டும்: 'ஆமாம், இல்லை' என்று முடிவது ஒரு வகை, 'ஏன்' என்று கேட்பது மற்றொரு வகை. மூன்றாம் நாள், கேள்விக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே ஆசிரியர் காத்திருக்கும் நேரத்தைக் கடிகாரம் பார்த்து எழுதட்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் எழுத முற்பட்டால் ஒன்றும் ஒழுங்காகத் தேறாது.

இந்த மூன்றாவது கணக்கை அற்பமென்று எண்ண வேண்டாம். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970-களில் வெளியிட்ட ஆராய்ச்சிகளில், கேள்வி கேட்ட ஆசிரியர் விடைக்காகப் பொறுப்பது சராசரியாக ஒரு விநாடி அளவே என்றும், அதை மூன்று விநாடியாக நீட்டினாலே விடைகள் நீண்டு, இதுவரை வாய் திறவாத குழந்தைகள் பேசத் தொடங்குகிறார்கள் என்றும் கண்டார். கெட்டிக்காரன் என்று கருதப்பட்டவனுக்கு ஆசிரியர் அதிக நேரம் பொறுத்தார், மந்தன் என்று கருதப்பட்டவனுக்குக் குறைவாகவே பொறுத்தார் என்பதும் அவர் கண்டவற்றுள் ஒன்று. யோசிப்பதற்கு அதிக அவகாசம் வேண்டியவனுக்குக் குறைந்த அவகாசம் கொடுத்துவிட்டு, அவன் மௌனத்தை அறிவின்மைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். திருப்பூர்ப் பகுதிப் பள்ளிகளில், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ பிழைக்க வந்தவர்களின் குழந்தை, கேட்ட கேள்வியை மனத்துக்குள் தன் மொழிக்கு மாற்றி, விடையைத் தமிழுக்குக் கொண்டுவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நினைத்துப் பார்த்தால் இதன் அநியாயம் விளங்கும். ழகரம் வராத நாவுடைய பிள்ளையின் சரியான விடையை உச்சரிப்புப் பிழையின் காரணமாக நாம் பாதியிலேயே நிறுத்திவிடுவதும் இதன் உடன்பிறப்பே.

கோடு போட்ட தாளை வாசிக்கும்போது ஒரு ஜாக்கிரதை தேவை. ஆண், பெண், முன்பெஞ்ச், பின்பெஞ்ச் என்று பகுத்துப் பார்ப்பதில் சங்கடமில்லை. சாதியை மட்டும் எக்காரணம் கொண்டும் தாளில் எழுதலாகாது. நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் பள்ளி மாணவன் ஒருவன் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றும், மாணவர்களை அகரவரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. நம்மூர் ஆசிரியருக்குப் பிள்ளைகளின் சாதி எப்படியோ தெரிந்துதான் இருக்கிறது. தெரிந்ததை வைத்துத் தாளை மனத்துக்குள் ஒரு முறை வாசித்து, கண்டதை உணர்ந்துகொண்டு, தாளைக் கிழித்துவிடுவதே உத்தமம்.

இனி விடைத்தாள். ஒரு விஷயத்தில் உயர்ந்தவனை எல்லா விஷயத்திலும் உயர்ந்தவனாகக் காணும் மனப்போக்கை எட்வர்ட் தார்ண்டைக் 1920-லேயே சுட்டிக் காட்டினார்; முத்து முத்தான கையெழுத்துக்கு அரை மதிப்பெண் தானாகவே கூடுவதை நம்மில் அறியாதவர் யார்? இந்தியாவிலேயே ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரு பொருளாதார நிபுணர்கள், குழந்தைகள் எழுதிய தேர்வுத் தாள்களின்மேல் சாதி முதலிய விவரங்களை மனம்போனபடி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். தாழ்த்தப்பட்ட சாதி என்று குறித்திருந்த தாள்களுக்கு மதிப்பெண் சிறிது குறைந்தது. அதனினும் யோசிக்கத்தக்கது, அக்குறைவு ஒடுக்கப்பட்ட சாதிகளில் பிறந்த ஆசிரியர்களின் திருத்தத்திலேயே முக்கியமாகக் காணப்பட்டது. 'நானும் அந்தத் தெருவிலிருந்து வந்தவன்தானே, எனக்கு எப்படிப் பட்சபாதம் வரும்?' என்று யாரும் தம்மை விலக்கிக்கொள்ள இயலாது.

பரிகாரம் கடினமானதன்று. அரசுப் பொதுத்தேர்வில் பெயருள்ள முகப்புத் தாளைப் பிரித்துவிட்டுத்தான் திருத்துகிறவரிடம் கொடுக்கிறார்கள். வகுப்புத் தேர்வுக்கும் பெயரைக் கடைசிப் பக்கத்தின் பின்புறத்தில் எழுதச் சொன்னால் போதும். திருத்தத் தொடங்குமுன் விடைக்குறிப்பை, எந்தப் படிக்கு எத்தனை மதிப்பெண் என்பதுவரை, எழுதி முடித்துவிட வேண்டும். ஒரு பிள்ளையின் தாளை முழுவதும் திருத்திவிட்டு அடுத்ததை எடுக்காமல், எல்லாத் தாள்களிலும் முதற் கேள்வியைத் திருத்தி, கட்டைக் கலைத்து, பிறகு இரண்டாவது கேள்விக்குச் செல்ல வேண்டும். கையெழுத்தைக் கொண்டே ஆளைக் கண்டுகொள்கிற பழக்கம் முற்றியவர்கள் 'அ' பிரிவுக் கட்டை 'ஆ' பிரிவு ஆசிரியரிடம் மாற்றிக்கொள்ளலாம். மேல்நிலை வகுப்புகளில் பாடந்தோறும் அகமதிப்பீட்டுக்கென வழங்கும் 10 மதிப்பெண்ணில் இந்த மறைப்புக்கு வழியில்லை. அங்கே ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே ஆதாரத்தை ஒரு சொல்லிலேனும் எழுதிவைப்பதே காப்பு.

வேலைப் பங்கீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. துடைப்பம் யார் கையில், மேசை தூக்க யார், தேநீர் வாங்கிவர யார், காலைக் கூட்டத்தில் திருக்குறள் சொல்ல யார், வகுப்புத் தலைவர் யார் என்று ஒரு மாதத்துக்கு எழுதிப் பார்த்தால், பெண்கள் பெருக்குவதும் ஆண்கள் சுமப்பதும், சொல்வதற்கு மட்டும் எப்போதும் அதே நாலு பேர் அழைக்கப்படுவதும் கண்ணில் படும். பெயர் வரிசைப்படி வாரச் சுற்று வைத்துவிட்டால் ஆசிரியர் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது. முன்னேற்ற அறிக்கையில் எழுதும் குறிப்புகளையும் ஒரு முறை ஒன்றாக வாசியுங்கள்: பையனுக்கு 'புத்திசாலி, ஆனால் சோம்பேறி' என்றும், அதே மதிப்பெண் வாங்கிய பெண்ணுக்கு 'கடுமையாக உழைக்கிறாள்' என்றும் எழுதும் வழக்கம் பல கைகளில் ஊறியிருக்கிறது.

சாதிவாரி உதவித்தொகைப் பட்டியலை வகுப்பில் உரக்க வாசிப்பது இவற்றுக்கெல்லாம் மேலான கொடுமை. உத்தரப் பிரதேசத்துக் கிராமத்துச் சிறுவர்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் நடத்திய சோதனையில், சாதியை அறிவிக்காதபோது புதிர்வழிப் படங்களை மற்றவர்களுக்கு இணையாகத் தீர்த்த ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள், எல்லோர் முன்னிலையிலும் சாதியைச் சொல்லிவிட்டுக் கொடுத்தபோது பின்தங்கிப்போனார்கள். படிவங்களைத் தனித்தனியே அழைத்துக் கொடுப்பதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் பத்து நிமிஷம்.

கீழ்வகுப்பு ஆசிரியர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரித்துக் கற்பிக்கும் ஏற்பாடு உண்டு. அது நல்ல ஏற்பாடே. இன்றைய நிலையைக் குறிக்கும் பெயர் என்றைக்குமான நிலையைக் குறிப்பதாக மாறிவிடுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு அரும்புக் குழந்தைக்கும் எதிரே, 'இன்னது செய்துவிட்டால் மொட்டுக்கு மாற்றுவேன்' என்று முன்கூட்டியே எழுதிவைத்து, குறித்த தேதியில் மறுபடி சோதியுங்கள். மேல்வகுப்பில் 'மெல்லக் கற்போர்' பட்டியலுக்கும் இதே விதி பொருந்தும்.

கணக்கில் ஏற்றத்தாழ்வு தெரிந்த பின்பு சிலர் செய்யும் காரியம் எனக்குச் சம்மதமில்லை. இதுவரை கவனியாத குழந்தையைத் திடீரென்று எழுப்பி, எளிய கேள்வி கேட்டு, சொன்னதற்கெல்லாம் 'பலே' என்று தட்டிக்கொடுக்கிறார்கள். தனக்கு மட்டும் எளிய கேள்வி வருகிறது என்பதை ஏழு வயதுக் குழந்தைகூட அறிந்துகொள்ளும். அவனுக்கு வேண்டியது மற்றவனுக்குக் கேட்ட அதே கடினமான கேள்வியும், மூன்று விநாடி அவகாசமும், தவறினால் எங்கே தவறியது என்று காட்டும் பொறுமையுமே. கேள்வியை முதலில் முழு வகுப்பிடமும் வைத்து, மூன்று விநாடி பொறுத்து, பிறகு பெயர் எழுதிய சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவி அழைப்பது நல்ல பழக்கம். எடுத்த சீட்டை அன்றே கட்டில் திரும்பச் சேர்த்துவிட வேண்டும், இல்லையேல் தன் முறை முடிந்ததென்று பிள்ளை கவனத்தை விட்டுவிடும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து ஜனவரியில் பள்ளி கூடியதும், அதே பாடவேளையில், அதே சக ஆசிரியரை வைத்து, கேள்விக் கணக்கை மறுபடி எடுங்கள். பெயரில்லாத துண்டுத் தாளில், 'இந்த வாரம் டீச்சர் உன்னை ஒரு முறையாவது கேள்வி கேட்டார்களா?' என்று பிள்ளைகளையும் எழுதித் தரச் சொல்லலாம். அவர்கள் கணக்கும் பின்பெஞ்சில் இருந்தவரின் கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் பிள்ளைகள் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முதற் கணக்கில் தெரிந்த ஏற்றத்தாழ்வு ஜனவரியிலும் அப்படியே இருக்குமானால், இனிமேல் கவனமாக இருப்பேன் என்ற சங்கல்பத்தைப் புதுப்பிப்பதில் பயனில்லை. உட்காரும் வரிசையையோ, சீட்டு எடுக்கும் முறையையோ, திருத்தும் கட்டையோ மாற்றிவிட்டு, மார்ச்சுக்குள் இன்னொரு முறை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.