சலிக்காமல் சலிக்கும் சிறுநீரகம்

பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையகமாகக் கொண்ட தேசிய சிறுநீரக அறநிறுவனம் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது நடத்தும் இரத்தச் சுத்திகரிப்பு மையங்களில் நோயாளிகள் வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றனர். 12 மணி நேரத்தில் இயந்திரம் ஓரளவு செய்து முடிக்கும் இவ்வேலையை, நலமான சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ஓசையின்றிச் செய்கின்றன.

முதுகெலும்பின் இருபுறமும் அமைந்துள்ள சிறுநீரகங்கள் அவரை விதை வடிவமும் கைமுட்டி அளவும் கொண்டவை. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய பத்து இலட்சம் நெஃப்ரான்கள் உள்ளன. நெஃப்ரானின் முனையில் மிக நுண்ணிய இரத்தக் குழாய்கள் முடிச்சுப்போல் சுருண்டிருக்கும். அங்கு இரத்த அழுத்தத்தால் நீர், உப்பு, சர்க்கரை, யூரியா ஆகியவை வடிகின்றன. இரத்த அணுக்களும் பெரும்பாலான புரதமும் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. இவ்வாறு நாளொன்றுக்கு வடிவது சுமார் 180 லிட்டர்! இவ்வளவும் வெளியேறினால் அரை மணி நேரத்திற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி வற்றிவிடும். ஆகவே, வடிகட்டுவதைவிட மீட்பதே சிறுநீரகத்தின் பெருந்திறன் எனலாம். நெஃப்ரானின் நீண்ட குழல், வடிந்த நீரில் 99 விழுக்காட்டையும் சர்க்கரை முழுவதையும் இரத்தத்திற்கே திருப்பி அனுப்புகிறது. எஞ்சும் ஒன்றரை லிட்டர் அளவிலான கழிவுநீரே சிறுநீர்க்குழாய் வழியாகச் சிறுநீர்ப்பையை அடைகிறது.

இயந்திரத்தால் இயலாத வேலைகளும் உண்டு. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் சுரப்புநீரை அது தருவதில்லை. அதனால்தான் மாற்றுச் சிறுநீரகம் சிறந்த சிகிச்சையாகக் கருதப்படுகிறது. மலேசியாவில் முதல் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1975ஆம் ஆண்டு கோலாலம்பூர் மருத்துவமனையில் நடைபெற்றது. உறவினருக்கு ஒரு சிறுநீரகத்தைத் தந்தவர், மற்றொன்றைக் கொண்டு நலமாக வாழ முடியும். அது சற்றே பெருத்துக் கூடுதல் வேலையை ஏற்றுக்கொள்ளும்.

இந்தத் தாங்கும் ஆற்றலே நோயையும் மறைத்துவிடுகிறது. பல நெஃப்ரான்கள் பழுதடைந்த பிறகும் வலியோ சோர்வோ தோன்றாமல் போகலாம். நம் நாட்டில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதன்மைக் காரணம், பேச்சுவழக்கில் ‘இனிப்பு நீர்’ எனப்படும் நீரிழிவு நோயாகும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரை, நெஃப்ரானின் வடிகட்டியை ஆண்டுக்கணக்கில் சிதைக்கிறது. அப்போது தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கும். கால் வீங்குவதற்கு நெடுநாள் முன்பே அக்கசிவை, கிளினிக்கில் சிறு குப்பியில் தரும் சிறுநீர் காட்டிக்கொடுத்துவிடும்.